கூரையில் நின்ற கம்பி: ஓர் அம்பாசிடர் ஏரியல் வேலையும் அதைச் செய்த பட்டறையும்

எங்கள் வீட்டில் 1984-ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 4 ஒன்று இருக்கிறது. வெள்ளை நிறம், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அரசுத் துறை ஒன்றில் ஓடிக் கழிக்கப்பட்ட வண்டி அது. 1998-இல் ஏலத்துக்கு வந்தபோது என் சித்தப்பா எடுத்தார். உள்ளே இருந்த வயர்லெஸ் பெட்டியை ஏலத்துக்கு முன்பே முறைப்படி கழற்றிவிட்டிருந்தார்கள். கூரையின் நட்டநடுவில் நின்ற ஏரியலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். சித்தப்பா அதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்றாலும் அதைக் கழற்றவும் மனம் வரவில்லை. ஆயுத பூஜை அன்று நான்கு சக்கரங்களுக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம் வைத்த பிறகு, அந்த ஏரியலின் அடிக்கும் ஒரு பொட்டு வைப்பார். தெருப் பிள்ளைகள் எங்கள் வண்டியைக் 'கம்பிக் கார்' என்றுதான் சொல்வார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, வாசலில் நின்ற வேப்பமரத்தின் கிளை ஒன்று முறிந்து கூரை மேல் விழுந்தது. தகடு பெரிதாக அடிபடவில்லை. ஏரியல் கம்பி மட்டும் அடியோடு சாய்ந்து வளைந்தது. அந்தச் சாய்வில் ஏரியலின் அடித்தட்டுக்கும் கூரைக்கும் நடுவே இருந்த பழைய ரப்பர் வாஷர் பிளந்துவிட்டது என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் மழை பிடித்த பிறகுதான் பின்சீட்டின் நடுவில் ஈரம் தெரிந்தது. டாப் லைனிங்கில், அதாவது கூரையின் உட்புறத் துணியில், காப்பிக் கறை போல ஒரு வட்டம் விழுந்து, நாளுக்கு நாள் அகலமானது. இந்த மதிப்புரை, அந்த ஒழுக்கை நிறுத்தப் போய், செத்துக்கிடந்த ஏரியலுக்கு உயிர் கொடுத்துத் திரும்பிய கதையையும், அந்த வேலையைச் செய்த அயனாவரம் பட்டறையையும் பற்றியது. வேலை நடந்தது 2018 பிப்ரவரியில். ஆறு வடகிழக்குப் பருவமழைகளைப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று வேண்டுமென்றேதான் காத்திருந்தேன். கூரை வேலையின் தரத்தை மழையைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

முதலில் மூன்று இடங்களில் கேட்டேன். பெயர்கள் வேண்டாம். முதல் இடத்தில், ஏரியலைப் பிடுங்கிவிட்டுத் துளைக்கு மேல் ஒரு தகரத் துண்டு வைத்து காஸ் வெல்டிங் செய்து, பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து, கூரை முழுவதற்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்கள். இரண்டாம் இடத்தில், துளையில் சிலிக்கோனைப் பிதுக்கி மேலே ஒரு சுறாத் துடுப்பு ஏரியலை ஒட்டிவிடலாம், புது வண்டி மாதிரி இருக்கும் என்றார்கள். மூன்றாம் இடத்தில் ஐம்பது ரூபாய் ரப்பர் மூடி ஒன்றைக் காட்டி, இதை அழுத்தினால் போதும் என்றார்கள். மூன்றில் மூன்றாவதுதான் நேர்மையான யோசனை. அது கூரைக்குக் கெடுதல் எதுவும் செய்யாது. நாளைக்கு வேறு எண்ணம் வந்தால் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் வெயிலில் காயும் கூரையில் மெல்லிய ரப்பர் மூடி இரண்டு மூன்று கோடைகளுக்கு மேல் தாங்காது. விளிம்பு வெடித்த பிறகு அதுவும் தண்ணீரைத் தடுக்காமல் தேக்கி வைக்கும் கிண்ணமாகிவிடும்.

முதல் யோசனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் அதைத்தான் 'நிரந்தரமான வேலை' என்று நம்பிச் செய்துகொள்கிறார்கள். அம்பாசிடரின் கூரை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள, லேசாக வளைந்த, ஒரே பெரிய தகடு. அதன் நடுவில் காஸ் தீயைக் காட்டினால், சூடான இடம் விரியப் பார்க்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு விடாது. அது தன்னைத்தானே நசுக்கிக்கொண்டு, ஆறும்போது முன்னிருந்த அளவைவிடச் சுருங்கும். அந்தச் சுருக்கம் சுற்றுவட்டாரத்தை இழுத்து அலை அலையாக நெளித்துவிடும். பிறகு வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கூரை எண்ணெய் டப்பாவின் அடித்தகடு போல 'டொப்' என்று உள்ளே போய் வெளியே வரும். அதை மறைக்கப் பட்டியைக் கனமாகப் பூசுவார்கள். தகடு அசைய அசைய பட்டி விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கும். ஒரு துளையை அடைக்கப் போய் ஒரு கூரையை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். இதற்கு மேல், தீ படும் இடத்துக்கு நேர் கீழே எளிதில் பற்றிக்கொள்ளும் துணியும் பஞ்சும் இருப்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அயனாவரம் பட்டறையைப் பழைய ஃபியட் வைத்திருக்கும் ஒரு நண்பர் சொன்னார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரே ஒரு ஷெட். இரண்டு வண்டிகள் நின்றால் மூன்றாவதற்கு இடமில்லை. நடத்துபவர் வண்டித் தகட்டைத் தட்டிச் சீராக்கும் டிங்கர் வேலையில் நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு மேஸ்திரி. தன் பெயரையும் எண்ணையும் எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. வண்டியை நிறுத்தியதும் அவர் செய்த முதல் காரியம் ஏரியலைத் தொட்டதல்ல. பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்து, ஈரவட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, லைனிங்கைத் தடவித் தடவி முன்பக்கம் வரை போனார். "தண்ணி ஒரு எடத்துல எறங்கி இன்னொரு எடத்துல சொட்டும் சார். சொட்டுற எடத்த நம்பக்கூடாது" என்றார். பிறகு மேலே ஏறிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விதான் இந்த வேலையின் போக்கையே மாற்றியது: "அடைக்கச் சொல்றீங்க, அடச்சுடலாம். ஆனா எதுக்கு சார் அடைக்கணும்? ரேடியோ இருக்குல்ல?"

ரேடியோ இருந்தது. 90-களில் சித்தப்பா வாங்கி மாட்டிய கேசட் பெட்டி, ஏ.எம்., எஃப்.எம். இரண்டும் உண்டு. ஆனால் அதற்கு ஏரியல் என்று டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு முழ ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நகரத்துக்குள் எஃப்.எம். கரகரப்போடு வரும், தாம்பரம் தாண்டினால் இரைச்சல். வீட்டின் உச்சியில் கிணறு இருக்க, வாசலில் நின்று தண்ணீர் கடன் கேட்டது போலத்தான் இருபது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. கூரையின் நடுவைவிட ஏரியலுக்கு நல்ல இடம் ஒரு காரில் இல்லை. நின்ற வாக்கில் இருக்கும் கால் அலைநீளக் கம்பிக்குக் (வாங்க வேண்டிய அலையின் நீளத்தில் கால் பங்கு உள்ள கம்பிக்குக்) கீழே, அதன் மறுபாதியாக வேலை செய்ய ஓர் உலோகத் தரை வேண்டும். கூரை நடுவில் எல்லாத் திசையிலும் தகடு ஒத்த அளவில் விரிந்திருப்பதால், வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலையம் ஒரே மாதிரி கேட்கும். முன் மட்கார்டில் மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் தகடு இருக்கும். தெருமுனையில் வண்டி திரும்பும்போது ஒலி ஏறி இறங்கும். அதோடு கூரை எஞ்சினிலிருந்து தள்ளியிருக்கிறது. பிளக்கில் பறக்கும் தீப்பொறியின் இரைச்சல் அவ்வளவு தூரத்தில் குறைந்துவிடும். பொதுப்பணத்தில் வயர்லெஸ் வாங்கியவர்கள் காரணம் இல்லாமல் அந்த இடத்தில் துளை போடவில்லை.

அடைப்பதே முடிவாக இருந்திருந்தால் எப்படிச் செய்வார் என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன், யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன். துளையைவிடச் சற்றே பெரிய வட்டத் தகடு ஒன்றை ஈயம் பூசி, கூரையின் அடிப்பக்கத்திலிருந்து வைத்து, பற்றாசு போல ஈயத்தை உருக்கி ஒட்ட வைத்து, மேலே எஞ்சும் பள்ளத்தையும் ஈயத்தாலேயே நிரப்பி ராவி எடுப்பாராம். ஈயப் பற்றாசு இருநூறு டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே இளகிவிடும். எஃகை உருக்க ஆயிரத்து ஐந்நூறு டிகிரி வேண்டும். சூடு குறைவு என்பதால் தகடு நெளிவதில்லை. ஈயம் பட்டியைப் போலத் தண்ணீரைக் குடிப்பதுமில்லை. இந்த வேலை தெரிந்த கைகள் இப்போது குறைந்துவருகின்றன. துளையை அடைத்தே தீர வேண்டும் என்பவர்கள், 'ஈயம் வைத்துச் செய்வீர்களா' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பட்டறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

நாங்கள் அடைக்கவில்லை. வேலை மூன்று பாகமாக நடந்தது. லைனிங்கைத் திறந்து கூரைத் தகட்டைச் சுத்தம் செய்வது முதல் பாகம். அடித்தட்டைத் தண்ணீர் புகாமல் மறுபடி உட்கார வைப்பது இரண்டாவது. கம்பியையும் கேபிளையும் ரேடியோவுக்கு ஏற்றபடி மாற்றுவது மூன்றாவது.

அம்பாசிடரின் டாப் லைனிங், குறுக்கே வளைந்து செல்லும் கம்பிகளில் கோத்துத் தொங்கவிடப்பட்ட துணி. முழுவதையும் இறக்கினால் மறுபடி அதே இழுப்போடு ஏற்றுவது பெரும்பாடு. மேஸ்திரி பக்கத்துத் தெரு குஷன் வேலைக்காரரை அழைத்து, துளைக்கு மிக அருகில் இருந்த ஒரு தையலை மட்டும் பிரிக்கச் சொன்னார். இரண்டு கை நுழையும் அளவு வாய் திறந்தது. உள்ளே பார்த்தபோது, அடித்தட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் துரு. நல்லவேளையாக மேல்துருதான், ஓட்டை விழவில்லை. ஏரியலின் அடித்தட்டு பித்தளை, கூரை எஃகு. இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் எஃகுதான் அரிபடும். இதுதான் பழைய கூரை ஏரியல்களின் உண்மையான நோய். கம்பி உடைந்துவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள், கம்பியை மாற்றிவிடலாம். கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அந்த ரப்பர் வாஷரையும் அதன் அடியில் நடப்பதையும்தான். உங்கள் வண்டியில் கூரை ஏரியல் இருந்து, அது பத்தாண்டுகளாகக் கழற்றப்படாமல் இருந்தால், ஒழுகவில்லை என்றாலும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றித் திரவம் பூசி, ஒருநாள் காயவிட்டு, இரண்டு கை ப்ரைமர் அடித்தார்கள். துளையின் அடிவிளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் ப்ரைமர் படாமல் ஒட்டுக் காகிதம் வைத்திருந்தார் மேஸ்திரி. பட்டறைப் பையன் அங்கேயும் அடிக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். அந்த வளையம்தான் ஏரியலுக்கு எர்த். பெயிண்ட் மேல் அடித்தட்டை உட்கார வைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் ஏரியல் கேபிளின் வெளிப்பக்கக் கம்பி வலைப்பின்னல் தகட்டைத் தொடாது. அப்புறம் எவ்வளவு நல்ல கம்பி வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை வைத்து இரண்டு அளவுகளை எனக்குக் காட்டினார்: அடித்தட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஓர் ஓமுக்கும் கீழே, கம்பிக்கும் கூரைக்கும் நடுவே மின்சாரமே பாயாத அளவு முழுத் தடை. இந்த இரண்டு அளவையும் காட்டாமல் எந்தப் பட்டறையும் ஏரியல் வேலை முடிந்தது என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெயிண்ட் படாத வெறும் தகடாக விட்ட வளையத்தில் வாஸ்லைன் தடவி, மேலே புதிதாக வெட்டிய கனத்த ரப்பர் வாஷரை வைத்து, இறுக்கினார்கள். ரப்பரை ஆயத்தமாகக் கடையில் வாங்கவில்லை. புதுப்பேட்டையில் வாங்கி வந்த லாரி ரப்பர் தாளிலிருந்து, கூரையின் வளைவுக்கு ஏற்றபடி ஒரு பக்கம் சற்றே மெலிதாக ராவி எடுத்தார்கள். இந்த ஒரு வாஷருக்கு அவர் அரை நாள் செலவழித்தார். எனக்கு அப்போது அது அதிகமாகத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை.

சிலிக்கோன் எங்கும் பயன்படுத்தவில்லை. சிலவகைச் சிலிக்கோன் காயும்போது வினிகர் வாசனையோடு அமிலத்தை விடும். அது வெறும் தகட்டில் படக்கூடாது. மேலும் அடுத்த முறை கழற்றுபவருக்கு அது பெரிய தொல்லை என்றார் மேஸ்திரி. அடுத்து யாரோ ஒருவர் இதைக் கழற்றுவார் என்று நினைத்து வேலை செய்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி கம்பி. பழைய கம்பியை நிமிர்த்தி அளந்தபோது 46 சென்டிமீட்டர் இருந்தது. கால் அலைநீளக் கம்பியின் நீளத்தை மீட்டரில் காண, 75-ஐ மெகாஹெர்ட்சால் வகுத்து, கம்பியின் முனை விளைவுக்காக ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் 46 சென்டிமீட்டர் ஏறத்தாழ 155 மெகாஹெர்ட்சுக்குப் பொருந்தும். வயர்லெஸ் வண்டிக்குச் சரி. எஃப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 வரை. நடுவே 98 என்று வைத்துக்கொண்டால் கம்பி 73 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குட்டைக் கம்பியும் எஃப்.எம். வாங்கும், வாங்காமல் இல்லை. ஆனால் நகரத்துக்கு வெளியே அந்த 27 சென்டிமீட்டர் வித்தியாசம் காதுக்கே தெரிகிறது. மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு தெரியாது, தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். கணக்கை நான் எழுதிக் கொடுத்தேன். அதே மரையில் ஏறும்படி லேத்தில் ஒரு பித்தளைக் குமிழ் கடைந்து, அதில் 73 சென்டிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை இறுக்கிக் கொடுத்தார். முனையில் ஒரு சிறு மணியும் வைத்தார். கண்ணில் குத்திவிடக்கூடாது என்பதற்காக.

அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது) உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. இந்தியாவில் அவர்களுக்கான 2 மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்கு 49 சென்டிமீட்டர் கம்பி போதும். பழைய வயர்லெஸ் கம்பியைவிட மூன்று விரற்கடை கூட நீளமில்லை. அடித்தட்டு, 50 ஓம் கேபிள், இடம் எல்லாமே அந்த வேலைக்கென்றே அமைந்தவை. உரிமம் இல்லாதவர்கள் ஒலிபரப்பும் கருவி எதையும் இதில் இணைக்கக்கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு மட்டும் உள்ள ரேடியோவுக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

கேபிள் விஷயத்தில்தான் தவறு நடந்தது. பட்டறையில் பழைய கேபிள் காய்ந்து வெடித்திருக்கிறது என்று மாற்றினார்கள், மாற்றியது சரி. ஆனால் போட்டது மறுபடியும் வயர்லெஸ்ஸுக்கு ஏற்ற அதே 50 ஓம் கேபிள், ஆர்ஜி 58 வகை. எஃப்.எம். அருமையாக வந்தது. சென்னை ரெயின்போ 101.4 ஒலித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. ஏ.எம். போட்டால் 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை நிலையம்கூட மங்கலாகக் கேட்டது. வெளியூர் நிலையங்கள் அறவே இல்லை. காரணம் இதுதான்: 720 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 400 மீட்டருக்கும் மேல். அதன் கால் பாகம் நூறு மீட்டர். அதற்கு முன் நம் 73 சென்டிமீட்டர் கம்பி ஒரு தூசு. அது வாங்கித் தரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை, கேபிளே ஒரு கண்டென்சராக (மின்தேக்கியாக) நின்று எர்த்துக்கு இறக்கிவிடுகிறது. அந்தத் தேக்கத்தின் அளவு ஆர்ஜி 58-இல் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோ ஃபாரட். கார் ரேடியோவுக்கு ஏற்ற ஆர்ஜி 62 வகையில் அது பாதிக்கும் கீழே. கூரை நடுவிலிருந்து தூணின் வழியே டாஷ்போர்டு வரை மூன்று மீட்டர் ஓடும் கேபிளில் இந்த வித்தியாசம் கொஞ்சமல்ல.

நான் திரும்பிப் போய்ச் சொன்னபோது பட்டறையில் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கேபிளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். கூலி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு ரேடியோவின் பக்கவாட்டில் ஏரியல் டிரிம்மர் என்ற சிறு திருகு இருப்பதைக் காட்டி, 1400 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து, ஒலி மிகக் கூடும் இடம் வரை அதை மெதுவாகத் திருப்பச் சொன்னவர் ரிச்சி தெருவில் பழைய ரேடியோ பழுது பார்க்கும் ஒரு பெரியவர். ஏரியல் மாற்றிய எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இது; செய்பவர் சிலரே. அன்று இரவு செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, திருச்சி 936-ஐக் கேட்டோம். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை, சத்தத்தைக் குறைக்கவும் விடவில்லை.

எஞ்சின் ஓடும்போது ஏ.எம்.மில் வரும் 'டிக் டிக்' ஒலிக்கு, இக்னிஷன் காயிலின் பேட்டரிப் பக்க முனையில் ஒரு கண்டென்சரும், தடை உள்ள பிளக் ஒயர்களும் போட்டோம். கண்டென்சரை காயிலின் மறுமுனையில், அதாவது பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டிவிடும் தொடுமுனை) பக்கத்தில் மாட்டிவிடக்கூடாது, எஞ்சின் தடுமாறும். இதைப் பட்டறையே சரியாகச் செய்தது.

சுறாத் துடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதையும் வாங்கிச் சோதித்தேன். வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒட்டும் வகைத் துடுப்பு ஒன்றை இருநூற்று ஐம்பது ரூபாய்க்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே விரல் நீளத் தகரப் பட்டையும் ஓர் ஒயரும், வேறொன்றும் இல்லை. அந்த நீளத்தில் எஃப்.எம். நன்றாக வாங்க வேண்டுமானால் உள்ளே மின்சாரம் கொடுத்து இயங்கும் பெருக்கி வேண்டும். புது வண்டிகளின் நிறுவனத் துடுப்புகளில் அது இருக்கிறது. இந்த மலிவு வகை வெறும் அலங்காரம். அம்பாசிடரின் உருண்ட கூரையில் அது அலங்காரமாகவும் இல்லை. கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் பெருக்கி வகை அதைவிட எவ்வளவோ மேல். கூரையில் துளை இல்லாத, போடவும் விரும்பாத பழைய கார்க்காரர்களுக்கு நான் அதைச் சொல்வேன். இல்லாத துளையைப் புதிதாகப் போடாதீர்கள். இருக்கும் துளையை அவசரப்பட்டு மூடாதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவம் பெரிதும் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகத் தனிப் பதிவு செய்துகொள்ள முடியும். எங்கள் வண்டிக்கு அந்த வயது 2034-இல் வரும். அப்போது பார்க்க வருபவருக்கு அந்த வண்டி முதலில் என்ன வேலை செய்தது என்பதைக் கூரையே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

குறைகளையும் சொல்கிறேன். ஒரு வாரம் என்று சொன்ன வேலை மூன்று வாரம் ஆனது. நடுவில் கேட்டபோதெல்லாம் 'நாளைக்கு' என்ற பதில்தான் கிடைத்தது; லேத் வேலைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். பிரித்த லைனிங் தையலைக் கையால் தைத்தார்கள். பழைய தையல் சாம்பல் நூல், புதியது வெள்ளை. பின்சீட்டில் சாய்ந்து மேலே பார்த்தால் அந்த ஒரு வரி மட்டும் தெரியும். கறை படிந்த வட்டமும் முழுதாகப் போகவில்லை. அடித்தட்டைச் சுற்றிக் கூரையில் தொட்டுப் பூசிய வெள்ளை, பழைய வெள்ளையோடு சேரவில்லை. வெயிலில் நின்றால் ஒரு வளையம் போலத் தெரிகிறது. பெயிண்ட் பொருத்தம் உங்களுக்கு முக்கியம் என்றால் அந்தப் பகுதியை மட்டும் வேறு பெயிண்டரிடம் கொடுப்பது நல்லது. மேஸ்திரியின் கை தகட்டுக்கு ஏற்ற கை, நிறத்துக்கு அல்ல.

மொத்தச் செலவு 6,800 ரூபாய். இதில் டிங்கர் கூலியும் ப்ரைமரும் 3,500. லேத் வேலையும் கம்பியும் 1,200. குஷன் வேலைக்கு 800. கேபிள், பிளக், கண்டென்சர், ஒயர் எல்லாம் 1,300. காஸ் வெல்டிங் சொன்ன முதல் இடத்தில் கூரை பெயிண்டோடு சேர்த்து 9,000 கேட்டார்கள். விலை 2018-க்கு உரியது; இன்று கூடுதலாக இருக்கும்.

மழையின் தீர்ப்பு இனி. 2018 முதல் ஒவ்வொரு ஆண்டும் நவம்பரில் பின்சீட்டின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து வைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஈரம் பட்டால் தாளில் உடனே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி இரண்டு பகல் ஓர் இரவு திறந்த வெளியில் நின்றது. கீழிருந்து வந்த தண்ணீர் தரைவிரிப்பை நனைத்தது; அதற்குப் பட்டறை பொறுப்பல்ல. மேலே விரித்திருந்த தாள் காய்ந்தே இருந்தது. அந்த வாரமே அடித்தட்டை நானே கழற்றிப் பார்த்தேன். வாஸ்லைன் அப்படியே இருந்தது, வளையத் தகடு மினுமினுத்தது, ரப்பரில் ஒரு கீறல் இல்லை. மறுபடி பூசி இறுக்கினேன். பத்து நிமிட வேலை. சிலிக்கோன் போட்டிருந்தால் அரை நாள் ஆகியிருக்கும்.

இந்தப் பட்டறைக்குப் போக நினைப்பவர்கள் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் போங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் அங்கே இடம் கிடைக்காது, கிடைத்தாலும் கவனம் கிடைக்காது. கேபிளை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். கம்பியின் நீளத்தைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். லைனிங் நூலின் நிறத்தை முன்கூட்டியே குஷன்காரருக்குக் காட்டுங்கள்.

வர்தா வளைத்த பழைய 46 சென்டிமீட்டர் கம்பியை மேஸ்திரி எறிந்துவிடவில்லை. மரப்பலகையில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, முனையில் எண்ணெய்த் துணி சுற்றி, வண்டியை எடுக்கப் போன அன்று என் கையில் கொடுத்தார். அதே மரை என்பதால் வேண்டும்போது அதையே ஏற்றிக்கொள்ளலாம். இப்போது டிக்கியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் சித்தப்பா அதை எடுத்துக் கூரையில் மாட்டச் சொல்வார்.